பசுமைச் சான்றிதழும் பழைய பேட்டரியும்: வாசகர் கேள்வி – பதில்

பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் அலுவலகங்கள் மின்னணுக் கழிவையும் அபாயகரக் கழிவையும் எப்படிக் கையாள வேண்டும் என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாக்கி, கேள்விகளைச் சற்றுச் சுருக்கி, இந்த இதழில் விடையளிக்கிறோம்.

எங்கள் ஆறு மாடி அலுவலகம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. அதற்கு லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. மாடிக்கு ஒரு மின்னணுக் கழிவுப் பெட்டியும் ஒரு பேட்டரிப் பெட்டியும் வைத்தால் போதும் என்கிறார் ஆலோசகர். உண்மையில் சான்றிதழ் எதை எதிர்பார்க்கிறது?
– பராமரிப்பு மேலாளர், சிறுசேரி

ஆலோசகர் சொல்வது புதிய கட்டடங்களுக்குரிய நிபந்தனையின் சாயலில் இருக்கிறது. லீட் 4-ஆம் பதிப்பின்படி, புதிதாகக் கட்டப்படும் கட்டடம் மறுசுழற்சிக்குரிய பொருள்களைச் சேகரித்து வைக்க இடம் ஒதுக்கியாக வேண்டும். அத்துடன் பேட்டரி, பாதரச விளக்கு (டியூப் லைட், சிஎஃப்எல் போன்றவை), மின்னணுக் கழிவு ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டைப் பாதுகாப்பாகச் சேகரித்து அகற்றவும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் புதிய கட்டடத் தர மதிப்பீடும் ஏறக்குறைய இதே வழியில் செல்கிறது: மக்கும் குப்பைக்கும் உலர் குப்பைக்கும் தளந்தோறும் தொட்டிகள் வேண்டும், பேட்டரி, மின்னணுக் கழிவு, விளக்குகள் ஆகியவற்றுக்குக் கட்டடத்தின் மையச் சேகரிப்பிடத்தில் தனித் தொட்டிகள் வேண்டும். மாடிக்கு ஒரு பேட்டரிப் பெட்டி என்பது இரண்டிலும் இல்லை.

இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு அளவுகோல் வேறு. அங்கே பெட்டி இருக்கிறதா என்பதோடு சோதனை நிற்பதில்லை. பெட்டியில் விழுந்தது பிறகு எங்கே போனது என்று கேட்கப்படும். 4-ஆம் பதிப்பின் இயக்கமும் பராமரிப்பும் என்ற வகையில் திடக்கழிவுக்கான புள்ளியைப் பெறுவதற்கு, அன்றாடக் கழிவில் குறைந்தது 50 விழுக்காடும், கணினி, தொலைக்காட்சி போன்று நெடுநாள் உழைக்கும் பொருள்களின் கழிவில் குறைந்தது 75 விழுக்காடும் மண்ணில் கொட்டப்படாமல் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போயிருக்க வேண்டும். பேட்டரிக்கும் பாதரச விளக்குக்கும் மட்டும் விழுக்காட்டுச் சலுகை கிடையாது. கழித்தவை அனைத்தும் பாதுகாப்பாக அகற்றப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்கள் சறுக்குவது இந்த 'அனைத்தும்' என்ற இடத்தில்தான். கழற்றிய டியூப் லைட்டை எலெக்ட்ரீஷியன் படிக்கட்டுக்கடியில் சாய்த்து வைக்க, மறுநாள் அது குப்பை வண்டியேறிப் போய்விட்டால், எத்தனை பெட்டிகள் வைத்திருந்தும் கணக்கு நேராகாது. லீட்டின் 5-ஆம் பதிப்பு 2025 ஏப்ரலில் வெளிவந்துவிட்டதால், உங்கள் கட்டடம் எந்தப் பதிப்பின்கீழ், எந்த வகையில் பதிவு செய்யப்படுகிறது என்பதை ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாடிக்கொரு பேட்டரிப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரிகள் முனை மூடப்படாமல் ஒரே பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், முனைகள் உரசித் தீப்பிடிக்கக்கூடும். அப்படிப்பட்ட பெட்டியை ஆள் நடமாடும் நடைபாதையில் வைப்பது அறிவுடைமையாகாது. தரைத்தளத்தில் பூட்டிய அறை ஒன்றும், அதன் சாவிக்குப் பொறுப்பான ஒருவரும், வருவதையும் போவதையும் எழுதும் ஒரு பதிவேடும் இருந்தால் பன்னிரண்டு பெட்டிகளைவிட மேலான பயன் கிடைக்கும்.

எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் அறுபது பேர் பணிபுரிகிறோம். மின்னணுக் கழிவுச் சட்டம் எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களையும் கட்டுப்படுத்துமா?
– வாசகி, கோயம்புத்தூர்

இப்போது நடைமுறையில் இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். இவ்விதிகளின் முதல் அட்டவணையில் 106 வகைப் பொருள்கள் உள்ளன. அவற்றில் குறைந்தது ஆயிரம் அலகுகளை நிதியாண்டின் ஏதேனும் ஒரு கட்டத்தில் பயன்படுத்திய நிறுவனத்தை விதிகள் 'மொத்த நுகர்வோர்' என்கின்றன. கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரில் ஒருவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்ற கடமை இந்த மொத்த நுகர்வோருக்கு உண்டு. அறுபது பேர் அலுவலகம் ஆயிரத்தை எட்டுவது அரிது. ஆயினும் கணினிகளோடு தொலைபேசி, அச்சுப்பொறி, விளக்கு, குளிர்சாதனம், சரக்கறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு வரை எண்ணிப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள். முந்நூறு பேர் உள்ள அலுவலகம் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.

பேட்டரிக்கு இந்த எல்லை பொருந்தாது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே பிரித்து, சேகரிப்பு, புதுப்பிப்பு, மறுசுழற்சி ஆகியவற்றில் ஈடுபட்டுள்ள அமைப்பிடம் கொடுக்கும் கடமையை ஒவ்வொரு நுகர்வோரின் மீதும் சுமத்துகின்றன. ஒரேயொரு யூபிஎஸ் வைத்திருப்பவரும் இதில் அடக்கம்.

யூபிஎஸ் பேட்டரி, ஜெனரேட்டர் ஆயில், டோனர், டியூப் லைட், பழைய ஏசி எல்லாவற்றையும் 'அபாயகரக் கழிவு' என்று எழுதிய ஒரே அறையில் வைத்திருக்கிறோம். தணிக்கைக்கு வந்தவர் இது சரியில்லை என்றார். எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை.
– பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்

பொருளின் தோற்றத்தை வைத்துப் பிரிக்காமல், அது எந்த விதியின் கீழ் வருகிறது என்பதை வைத்துப் பிரித்தால் குழப்பம் பெருமளவு தீரும். ஒவ்வொரு விதிக்கும் பெறுபவர் வேறு, ஆவணம் வேறு என்பதே காரணம்.

கணினி, திரை, அச்சுப்பொறி, தொலைபேசி ஆகியவை மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. டோனர் கார்ட்ரிட்ஜ் அச்சுப்பொறியோடு சேர்த்தே அட்டவணையில் இடம்பெற்றிருப்பதால், அதைப் பிளாஸ்டிக் குப்பையில் சேர்ப்பது தவறு. குழல் விளக்கும் சிஎஃப்எல்லும் இதே அட்டவணையில் பாதரச விளக்குகள் என்ற தலைப்பில் உள்ளன. ஆகவே அவற்றையும் மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடமே தர வேண்டும், ஆனால் பாதரச விளக்கைக் கையாளும் வசதியும் அனுமதியும் அவருக்கு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எல்லாரிடமும் அது இருப்பதில்லை. ஏசியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜன்னல் ஏசியும் ஸ்பிளிட் ஏசியும் அட்டவணைக்குள் வருகின்றன. கட்டடம் முழுவதற்குமான மையக் குளிர்சாதன நிலையத்துக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. எதுவாயினும், இயந்திரத்தைக் கழற்றுமுன் அதிலுள்ள வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுக்கத் தெரிந்த தொழில்நுட்பரைக் கொண்டே கழற்றுங்கள். பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தையும் சிதைக்கும், புவியையும் வெப்பமாக்கும். குழாயை வெட்டிக் காற்றில் விட்டுவிட்டுச் செம்பை மட்டும் மறுசுழற்சிக்கு அனுப்பும் கட்டடத்துக்குப் பசுமை என்ற பெயர் பொருந்தாது.

யூபிஎஸ்ஸின் ஈய-அமில பேட்டரியும் லித்தியம் பேட்டரியும் பேட்டரி விதிகளுக்குரியவை. மின்னணுக் கழிவு விதிகள் அவற்றைத் தம் எல்லையிலிருந்து வெளிப்படையாக விலக்கிவிட்டன. 2001-ஆம் ஆண்டின் பழைய பேட்டரி விதிகள் ஈய-அமில வகையை மட்டுமே கருதின; இன்றைய விதிகள் எல்லா வகையையும் தழுவுகின்றன. இவ்விரு வகைகளையும் ஒரே அடுக்கில் வைக்காதீர்கள். ஈய-அமில பேட்டரியிலிருந்து அமிலம் கசியலாம், ஹைட்ரஜன் வெளிப்படலாம். அதன் அருகே தீப்பற்றும் இயல்புடைய லித்தியத்தை வைப்பது ஆபத்து.

ஜெனரேட்டரில் இருந்து வடித்த எண்ணெய், எண்ணெய்ப் பிசுக்கேறிய வடிகட்டி, துடைத்த பஞ்சு, வேதிப்பொருள் ஒட்டிய காலி டின் ஆகியவை 2016-ஆம் ஆண்டின் அபாயகர மற்றும் பிற கழிவுகள் விதிகளுக்குள் வருகின்றன. இவற்றை உண்டாக்குபவர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் அறிக்கை தர வேண்டும். பொதுவாகத் தொண்ணூறு நாளுக்கு மேல் இவற்றைச் சேர்த்து வைக்கக் கூடாது. ஆண்டுக்குப் பத்து டன் வரை மட்டுமே உண்டாக்கும் சிறிய இடங்களுக்கு 180 நாள் வரை வாரியம் நீட்டிப்புத் தரலாம். பழைய எண்ணெயை 'சென்ட்ரிங் ஆயில்' என்ற பெயரில் கான்கிரீட் பலகைக்குப் பூச வாங்கிச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒரு பசுமைக் கட்டடத்தின் கழிவு எண்ணெய் அடுத்த கட்டடத்தின் சென்ட்ரிங் தகட்டில் போய்ச் சேர்வதைவிடப் பெரிய முரண் இருக்க முடியாது. அது பதிவுபெற்ற எண்ணெய் மறுசுழற்சியாளரிடமே போக வேண்டும். மறுசுழற்சிக்கு உதவாத பஞ்சும் கசடும் கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற பொதுச் சுத்திகரிப்பு மற்றும் அகற்றல் நிலையத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று, பலரும் அறியாதது: பழைய புகை உணர்கருவிகளில் அயனியாக்க வகையைச் சேர்ந்தவற்றுக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கிறது. அவை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பில் வருவதால், மின்னணுக் கழிவோடு சேர்க்காமல் விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும். தீயணைப்பு அமைப்பைப் புதுப்பிக்கும்போது, கழற்றிய கருவிகளின் அடிப்பக்க முத்திரையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கணினிகளுக்குக் காயலான் கடைக்காரர் தரும் விலையைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் தருவதில்லை. சில பொருள்களுக்கு அவர் நம்மிடமே கட்டணம் கேட்கிறார். இதைக் கணக்குத் தணிக்கையில் எப்படி நியாயப்படுத்துவது?
– கணக்கு அலுவலர், கிண்டி

பல அலுவலகங்களில் இந்த முயற்சி முழுவதும் சாய்ந்து போவது இந்தக் கேள்வியில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

காயலான் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் கூடுதல் விலை கொடுக்க முடிவதற்குக் காரணம், அவருக்குப் பின்னால் இருக்கும் சங்கிலி எந்தத் தூய்மைச் செலவையும் ஏற்பதில்லை என்பதே. வடத்தின் மேலுறையைத் திறந்தவெளியில் எரித்துச் செம்பை எடுக்கிறார்கள். மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் ஊறவைத்துப் பொன்னைப் பிரிக்கிறார்கள். ஈயத்தைப் புகைபோக்கி வடிகட்டி இல்லாத உலையில் உருக்குகிறார்கள். டெல்லியின் சீலம்பூரும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தும் இத்தொழிலால் அறியப்பட்டவை. மொராதாபாத்தில் பலகைகளை எரித்த சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் கொட்டப்பட்டது. விலைமதிப்பானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கியெறிபவரால் நல்ல விலை தர முடியும். பதிவுபெற்றவர் கண்ணாடி, பாதரசம், கலப்புப் பிளாஸ்டிக் என விலைபோகாதவற்றுக்கும் பணம் செலவழிக்கிறார். 2024-இல் வெளியான உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உலகெங்கும் உண்டான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான், மற்றவற்றுக்கு முறையான மறுசுழற்சிப் பதிவு இல்லை.

தணிக்கைக்குச் சொல்ல வேண்டிய காரணம் எளிது: உங்கள் நிறுவனம் மொத்த நுகர்வோராக இருந்தால், பதிவு இல்லாதவரிடம் விற்பதே விதிமீறல், ஆகவே அந்த விலையை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏலம் விடும்போது, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களும் புதுப்பிப்பவர்களும் மட்டுமே பங்கேற்கலாம் என்ற நிபந்தனையை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அப்போது கிடைக்கும் உயர்ந்த விலையே சட்டப்படியான உயர்ந்த விலை. பேரம் பேசவும் உங்களுக்கு இடமிருக்கிறது. தயாரிப்பு நிறுவனங்களின் மறுசுழற்சி இலக்கு 2023-24, 2024-25 ஆண்டுகளில் 60 விழுக்காடாகவும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 70 ஆகவும், 2027-28 முதல் 80 ஆகவும் விதிகளில் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த இலக்கை அடைவதற்கான சான்றுகளை அவை மறுசுழற்சியாளர்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். எனவே மறுசுழற்சியாளருக்கு உங்கள் சரக்கு தேவை. அதிலுள்ள பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டே அவருக்குச் சான்று உருவாகிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மேலே சொன்ன சான்று உற்பத்தியாளரின் பொறுப்பு தொடர்பானது; அது உங்கள் அலுவலகத்துக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை. உங்களுக்கு வேண்டியவை, நீங்கள் கொடுத்த பொருள்களின் பட்டியலுடன் கூடிய பெறுகைச் சீட்டும், அவை உரிய முறையில் பிரித்து மறுசுழற்சி செய்யப்பட்டன என்ற மறுசுழற்சியாளரின் கடிதமும். பதிவு எண்ணை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடி, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, எந்த வகைப் பொருளுக்கு, ஆண்டுக்கு எத்தனை டன்னுக்கு என்று பாருங்கள். ஆண்டுக்கு நூறு டன் அனுமதி உள்ளவர் நகரின் பாதி அலுவலகங்களிடமிருந்து சரக்கெடுப்பதாகச் சொன்னால், மீதி எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கத்தான் வேண்டும். வண்டியோடு வருபவர் முகவரா, பதிவுபெற்றவரின் ஆளா என்பதையும் கேளுங்கள். தொழிற்சாலையைச் சென்று பார்க்க அவர் தயக்கம் காட்டினால் வேறொருவரைத் தேடுங்கள்.

ஹார்டு டிஸ்க் ஒன்றுகூட உடைக்கப்படாமல் வெளியே போகக் கூடாது என்கிறது எங்கள் தகவல் பாதுகாப்புப் பிரிவு. மறுபயன்பாடே சிறந்தது என்கிறது பசுமைக் குழு. யார் சொல்வது சரி?
– கணினிப் பிரிவு ஊழியர், திருச்சிராப்பள்ளி

இருவரும் ஓரளவு சரி. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-88 என்ற வழிகாட்டி, தகவல் அழிப்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: மேலெழுதி அழித்தல், ஆய்வகக் கருவிகளாலும் மீட்க இயலாதவாறு அழித்தல், பொருளையே சிதைத்தல். எல்லா வட்டுக்கும் மூன்றாம் படி தேவையில்லை. முதல் நாளிலிருந்தே முழு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்ட வட்டில், திறவுகோலை அழித்துவிட்டாலே உள்ளிருப்பது பயனற்றதாகிவிடும். அதன்பின் அந்த மடிக்கணினியைப் பதிவுபெற்ற புதுப்பிப்பவரிடம் தரலாம். மறையாக்கம் செய்யாதது, பழுதாகி அழிப்பு மென்பொருளுக்கு இணங்காதது, மிக நுட்பமான தகவல் இருந்தது ஆகியவற்றை மட்டும் சிதையுங்கள். காந்தப்புலத்தால் அழிக்கும் கருவியை வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அது சுழலும் வட்டுக்குத்தான் பயன்படும். சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் தகவல் காந்தமாகப் பதியாததால், அக்கருவியால் அதில் எதுவும் அழியாது.

பள்ளிகளுக்கு நன்கொடையாகத் தருவது பற்றியும் இதே கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இயங்குகிற, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினியைத் தருவது மறுபயன்பாடு. இயங்காததைத் தருவது, பள்ளித் தலைமையாசிரியரின் அறையை உங்கள் கழிவுக் கிடங்காக்குவது. கொடுக்கும்போதே, பழுதானால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுங்கள். ஏனெனில் அந்தப் பள்ளிக்கு மறுசுழற்சியாளரைத் தேடிப் பிடிக்க வழியிருக்காது.

துப்புரவுப் பணியாளர் கையில் டியூப் லைட் உடைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? உப்பிப்போன மடிக்கணினி பேட்டரியை எங்கே வைப்பது?
– மேற்பார்வையாளர், போரூர்

ஒரு குழல் விளக்கில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான்; பதற்றம் வேண்டாம், துடைப்பமும் வேண்டாம். எல்லாரையும் வெளியேற்றி, ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து பத்து நிமிடம் காற்றோட விடுங்கள். பிறகு கையுறை அணிந்து, கெட்டியான அட்டையால் துண்டுகளைத் தள்ளி எடுத்து, தூளை ஒட்டும் நாடாவாலும் ஈரத்தாளாலும் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள புட்டியில் இட்டு விளக்குகளோடு அனுப்புங்கள். வேக்குவம் கிளீனரைக் கொண்டு உறிஞ்சினால் பாதரச ஆவி அறை முழுதும் பரவும். உடையாத விளக்கைப் புது விளக்கு வந்த அதே அட்டைப் பெட்டியில் வைப்பதே மலிவான பாதுகாப்பு. இடத்தை மிச்சப்படுத்த உடைத்து நிரப்பும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள்.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது. மணல் நிரப்பிய உலோகப் பாத்திரத்தில் தனியே வைத்து, வெயில் படாத, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த நிழலிடத்தில் வைத்திருந்து, முடிந்தவரை விரைவாக ஒப்படையுங்கள். நல்ல நிலையில் உள்ள லித்தியம் பேட்டரிகளின் முனைகளுக்கு நாடா ஒட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று எழுதி வைக்காத அலுவலகத்தில் யாரும் செய்வதில்லை. ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் கையுறையும் பயிற்சியும் தருவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று தட்டிக்கழிக்காதீர்கள், கழிவு உங்களுடையது.

புதிய அலுவலகக் கட்டடம் ஒன்றை வடிவமைக்கிறேன். கழிவு அறையை அடித்தளத்தில் வைக்கலாமா?
– கட்டடக் கலைஞர், சென்னை

வாகன நிறுத்தத்துக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாமல், வண்டி எளிதாக வந்து போகும்படி இருக்கும் என்பதால் பலரும் அடித்தளத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையில் அதைச் செய்யாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளமும் அடித்தளங்களை எப்படி நிரப்பின என்பதைப் பார்த்தவர்கள் நாம். பேட்டரியும் கழிவு எண்ணெயும் இருக்கும் அறை மூழ்கினால், ஈயமும் அமிலமும் எண்ணெயும் கலந்த நீரைப் பம்பு வைத்துத் தெருவில் இறைத்து, அது மழைநீர் வடிகால் வழியாகப் பள்ளிக்கரணைக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேரும்.

வெள்ள மட்டத்துக்கு மேலே, வண்டி அணுகக்கூடிய தரைத்தளத்தில் வையுங்கள். தரை நீர் உறிஞ்சாததாகவும், சிந்தினால் உள்ளேயே தேங்கும்படி வாசலில் மேடுள்ளதாகவும் இருக்கட்டும். எக்காரணத்தைக் கொண்டும் அந்தத் தரையில் வடிகால் வாய் வைக்காதீர்கள். எண்ணெய்க்குக் கசிவு ஏந்தும் தட்டு, ஈய-அமில பேட்டரிக்குக் காற்றோட்டம், லித்தியத்துக்குத் தீ தடுக்கும் தடுப்புச் சுவர், புகை உணர்கருவி, வெளியே திறக்கும் கதவு ஆகியவை போதும். பரப்பளவை முடிவு செய்ய, யூபிஎஸ் பேட்டரித் தொகுதி முழுவதையும் ஒரே நாளில் மாற்றும் சூழலை மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோ அளவுள்ள பேட்டரிகள் நூறு ஒன்றாக வெளியேறினால் தரை இரண்டு டன் எடையைத் தாங்க வேண்டும். நாள்தோறும் வரும் சிறு கழிவை வைத்துக் கணக்கிட்ட அறை அன்று போதாது.

எல்லா டியூப் லைட்டையும் எல்இடி-யாக மாற்றப் போகிறோம். நன்றாக எரிகிற ஆயிரக்கணக்கான விளக்குகளை என்ன செய்வது?
– நிர்வாக அலுவலர், சேலம்

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையான மினமாட்டா உடன்படிக்கையில் 2023-இல் எடுத்த முடிவின்படி ஒளிரும் குழல் விளக்குகளின் உற்பத்தியும் வணிகமும் 2027-க்குள் படிப்படியாக நிற்கின்றன. இந்தியா அந்த உடன்படிக்கையை 2018-இலேயே ஏற்புறுதி செய்த நாடு. ஆகவே மாற்றம் சரியானதே. எரிகிற விளக்குகளை ஊழியர்களுக்கோ வேறு இடத்துக்கோ இலவசமாகத் தருவது, பாதரசத்தைப் பதிவேட்டிலிருந்து மறைத்து வீட்டுக் குப்பைக்கு நகர்த்துவதாகவே முடியும். மாற்று ஒப்பந்தத்திலேயே பழைய விளக்குகளை உடையாமல் பெட்டியிலிட்டு எண்ணிக்கையுடன் ஒப்படைக்கும் பணியைச் சேர்த்து, அதற்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். மாட்டிய எண்ணிக்கையும் ஒப்படைத்த எண்ணிக்கையும் ஒத்துப்போகும் வரை இறுதிப் பணத்தை விடுவிக்காதீர்கள்.

சான்றிதழுக்கு எந்தெந்த ஆவணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும்?
– பல வாசகர்கள்

எடையே முதன்மை. வண்டி புறப்படுமுன் உங்கள் தராசிலேயே நிறுத்து எழுதுங்கள். பெறுபவரின் எடைச் சீட்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிறு வேறுபாடு இயல்பு. பெரிய வேறுபாடு வழியில் ஏதோ இறங்கிவிட்டது என்பதற்கு அறிகுறி. கணினிகளுக்கு வரிசை எண் பட்டியல் வேண்டும், அது சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்கிய பட்டியலோடு பொருந்த வேண்டும். அபாயகரக் கழிவோடு அனுப்பும் சரக்குச் சீட்டான படிவம் 10 ஏழு படிகளில் (நகல்களில்) தயாராகிறது. அவற்றில் பெறுபவர் கையெழுத்திட்டு உங்களுக்குத் திருப்பியனுப்ப வேண்டிய நீலப் படியே சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான சாட்சி. மஞ்சள் படியை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு, நீலப் படிக்காக ஒருமுறைகூட நினைவூட்டாத அலுவலகங்கள் பல. மஞ்சள் படி வண்டி வாசலைத் தாண்டியதை மட்டுமே காட்டும். அன்றாடக் கழிவையும் நெடுநாள் பொருள்களின் கழிவையும் ஒரே கூட்டுத்தொகையாக எழுதாதீர்கள். இரண்டுக்கும் விழுக்காடு தனித்தனியே கணக்கிடப்படுகிறது.

எங்கள் கட்டடத்தில் ஐந்து நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கின்றன. சான்றிதழ் எங்கள் பெயரில், கணினிகள் அவர்களுடையவை. அவர்கள் ஆவணம் தர மறுக்கிறார்கள்.
– கட்டட உரிமையாளர், தரமணி

பொருள் யாருடையதோ, அதை உரியவரிடம் ஒப்படைக்கும் கடமையும் அவருடையதே. லிஃப்ட், ஜெனரேட்டர், பொதுவிட விளக்குகள், தீயணைப்புக் கருவிகள் ஆகியவற்றின் கழிவு உங்கள் பொறுப்பு. குத்தகைதாரரின் கணினியை நீங்கள் எடுத்து விற்கவும் முடியாது. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை என்றால் வற்புறுத்திப் பயனில்லை. பொது அறையையும் ஆண்டுக்கு இரண்டு முறை வரும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரின் வண்டியையும் அவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். தனியாக ஏற்பாடு செய்வதைவிட அது அவர்களுக்கு எளிது என்பதால், பெரும்பாலோர் சேர்ந்துகொள்வார்கள். சேர்ந்தால் சீட்டின் நகல் தானாகவே உங்களிடம் இருக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு விதிகளைச் சேருங்கள்: கழிவு ஒப்படைப்புச் சீட்டுகளின் நகலைக் காலாண்டுக்கு ஒருமுறை தர வேண்டும் என்பது ஒன்று, காலி செய்யும்போது விட்டுச்செல்லும் யூபிஎஸ், பேட்டரி, வடங்கள் ஆகியவற்றை முறைப்படி அகற்றிய சீட்டைக் காட்டிய பிறகே முன்பணத்தின் கடைசித் தவணை திருப்பித் தரப்படும் என்பது மற்றொன்று.